பன்றிக்கும் மேற்படியே

பன்றிக்கு இமைமயிர் உண்டு. வெளுத்த மயிர், நீளமானது. வெயில் கண்ணில் பட்டால் அது இமையைத் தாழ்த்திக்கொண்டு, அந்த மயிரின் இடுக்கு வழியாக நம்மைப் பார்க்கும்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. தெரிந்த இடம், விழிஞ்ஞம் போகிற பாதையில், திருவல்லத்துக்கு அப்பால், ஆற்றோரத்து மூங்கில் வேலி ஒன்றின் வெளிப்புறம்.

வேலிக்கு உள்ளே பதினெட்டுப் பன்றிகள் நின்றன. வெளியே நான் நின்றேன். இடது கக்கத்தில் குடை, வலது கையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் தோட்டாக்கள். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு இது மேல்.

"சாமி, கொஞ்சம் தள்ளி நில்லும்," என்றாள் ஞானம்மாள். "நீரு வெறைக்கதைப் பாத்து அதுகளும் வெறைக்குது."

ஞானம்மாள்தான் அந்தப் பன்றிகளை வளர்த்தவள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவ அம்மாள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கணவன் போனபின் தனியாகவே பட்டியை நடத்திவந்தாள். சாலைக் கடைகளில் கழித்துப்போட்ட காய்கறி, ஓட்டல்களின் காடித் தண்ணீர், விழிஞ்ஞத்து மீன் கழிவு, எல்லாம் அவள் வண்டியில் ஏறி இங்கே வந்து பன்றியாக மாறும்.

அன்று அந்தப் பதினெட்டையும் கொல்லவேண்டும். ஆற்றோரப் பட்டிகளில் நோய் இறங்கியிருந்தது. காதும் வயிறும் சிவந்து, தீனி மறுத்து, பின்காலை இழுத்துக்கொண்டு, நாலு நாள் ஐந்து நாள் கிடந்து சாகிற நோய். ஞானம்மாள் பட்டியில் இரண்டு அப்படிப் போயிருந்தன. மேற்கொண்டு பரவாமலிருக்க மீதி அத்தனையையும் கொன்று, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க உத்தரவு. மீதி அத்தனையும் இன்னும் ஆசையாகத் தின்றுகொண்டிருந்தன.

கொல்ல வந்தவர் எங்கள் ஆபீஸ் கம்பவுண்டர் தங்கையா. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த குமாஸ்தா நான்.

சென்ற வாரம் நான் பல் பிடுங்கிக்கொண்ட கதையைப் படித்துச் சிரித்ததாக எழுதிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாரமும் பயந்தவன் நானே. ஆனால் அந்தப் பயத்தால் அவதிப்பட்டது நான் அல்ல. சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். வராத இடத்தில் என்னை மன்னிக்க அவசரப்படவேண்டாம்.

என் தைரியத்தைப் பற்றி

சாலைக் கடைத்தெருவில் ஒரு தடவை ஒரு காளை என் பக்கம் திரும்பி மூச்சு விட்டது. மூச்சுதான் விட்டது, வேறொன்றும் செய்யவில்லை. நான் பக்கத்து ஜவுளிக் கடைக்குள் பாய்ந்தேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், உள்ளே வந்தவனை வெறுங்கையோடு விடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பத்து நிமிஷம் கழித்து இரண்டு புடவைகளோடு வெளியே வந்தேன். காளை அதே இடத்தில் நின்று வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தது.

"ஏன்னா, அந்தக் காளை மறுபடி எப்போ வருமாம்?" என்று என் சம்சாரம் அலமேலு ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவனுக்கு மிருக வைத்திய ஆபீஸில் வேலை. எந்த ஊர் ஆபீஸ், எந்தக் கட்டிடம் என்பதெல்லாம் வேண்டாம். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. மிருகங்களை நான் காகிதத்தில் மட்டுமே அறிவேன். காகிதத்தில் அவை கடிப்பதில்லை.

குடியிருந்தது ஸ்ரீவராகத்தில். எங்கள் பெருமாளுக்கே பன்றி முகம். காலையில் குளத்தில் முழுகி அந்த முகத்தைச் சேவிக்காமல் நான் காப்பி குடித்ததில்லை. ஆனால் நிஜப் பன்றி ஒன்று எதிர்ப்பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு, வேஷ்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவேன். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தெருவில் வேறு யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

மத்தியான வேளையில் ஒரு பக்கம்

அந்த நோய்க்குச் சில மாதங்கள் முன்பு, சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டியில் ஒரு கருவி வந்தது. மிருகங்களை வலியில்லாமல் கொல்வதற்கு. அதற்கு முன் அந்தக் காரியத்துக்கு எங்களிடம் இருந்தவை ஈட்டி, உலக்கை, கோடாலியின் பின்புறம்.

பார்வைக்குக் குட்டையான கைத்துப்பாக்கிபோல இருக்கும். குண்டு கிடையாது. நெற்றியில் வைத்து விசையை இழுத்தால், தோட்டா வெடித்து, உள்ளேயிருந்து ஓர் இரும்பு முளை பாய்ந்து மண்டையைத் துளைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மிருகம் அந்த க்ஷணமே நினைவு தப்பி விழும். வைத்த இடம் சரியாக இருந்தால்.

எந்த மிருகத்துக்கு எந்த இடம் என்று ஒரு சிறிய இங்கிலீஷ் புஸ்தகம் கூடவே வந்தது. எங்கள் ஆபீஸ் டாக்டர் அதை என் மேஜையில் வைத்தார்.

"மலையாளத்தில் எழுதுந்நது நான் பின்னே நோக்கிக்கொள்ளாம். தெற்கே உள்ள தாலுக்காக்களுக்குத் தமிழில் சாமிதன்னே எழுதணும், கேட்டோ?"

கேட்டேன். குதிரை, ஆடு, மாடு, பன்றி என்று வரிசை. மாட்டுப் பக்கத்தை நான் எழுதிய அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். 'இடது கண்ணிலிருந்து வலது கொம்பின் அடிவரை ஒரு கோடும், வலது கண்ணிலிருந்து இடது கொம்பின் அடிவரை ஒரு கோடும் இருப்பதாகப் பாவித்து, இரண்டும் சந்திக்கும் ஸ்தானத்தில் கருவியின் வாயை நெற்றிக்கு நேராக வைக்கவும்.' மூன்று தடவை திருத்தி எழுதினேன்.

அதை முடித்தபோது மத்தியானம். தூக்குச் சட்டியைத் திறந்து வைத்தேன். தயிர் சாதம், நார்த்தங்காய். ஒரு கையால் பன்றிப் பக்கத்தைப் புரட்டினேன். பன்றித் தலையை நடுவே பிளந்து, மூளை எங்கே, எலும்பு எங்கே என்று காட்டும் படம். நார்த்தங்காயைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். புஸ்தகத்தை மூடிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்தபின் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சர்க்கார் கருவியைக் கொண்டு பன்றிக்கு இந்த மரியாதையெல்லாம் யார் செய்யப்போகிறார்கள் என்று ஓர் எண்ணம். 'பன்றி' என்று எழுதி, அதற்கு நேரே, ஆபீஸ் ரிஜிஸ்தர்களில் நாள் ஒன்றுக்கு நூறு தடவை எழுதுகிற சொல்லை எழுதினேன்: 'மேற்படி.'

அந்தச் சொல் மட்டும் இல்லாவிட்டால் குமாஸ்தாக்கள் ஒருவரும் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேரமாட்டார்கள். எழுத அரை நிமிஷம் ஆகவில்லை. பிரதியைத் தங்கையா வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் நாகர்கோவில்காரர், தமிழ் மட்டும் வாசிப்பார்.

ஒரு சத்தியம்

நோய் ஆற்றைத் தாண்டியபோது டாக்டரும் நானும் ஞானம்மாளைப் பார்க்கப் போனோம். அதற்கு முந்தின வாரம் அக்கரைப் பட்டி ஒன்றில் கூலியாட்கள் ஈட்டியும் உலக்கையுமாக இறங்கியிருந்தார்கள். கருவி அப்போது வேறு தாலுக்காவில் இருந்தது. அக்கரைச் சத்தம் காலையிலிருந்து உச்சிவரை ஆற்றைக் கடந்து கேட்டதாம்.

ஞானம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. காடி கலக்கிய துடுப்பைக் கையில் பிடித்தபடியே பேசினாள்.

"கொல்லாண்டாம்னு நான் சொல்லேல்ல. ரெண்டு செத்ததைக் கண்டேன். நாலு நாளு ஒரு சொட்டு வெள்ளம் எறங்கல்ல. அந்தச் சாவுக்கு இது மேலு. ஆனா, அக்கரையில கேட்ட சத்தம் இந்தப் பட்டியில கேட்டுதுன்னா, அந்த நிமிசமே வாசலைத் திறந்து விட்டிருவேன். ஆத்துல எறங்கி எங்கே வேணும்னாலும் போட்டும். பின்னே போலீசு வரட்டு, பட்டாளம் வரட்டு."

டாக்டர் மோவாயைத் தடவினார். அவர் யோசித்துப் பதில் சொல்கிற மனிதர். நான் அப்படியல்ல.

"ஒரு சத்தமும் வராது," என்றேன். "அதற்கென்றே சீமைக் கருவி வந்திருக்கு. அந்தப் புஸ்தகத்தை முழுக்க மொழிபெயர்த்தவனே நான்தான்."

முழுக்க என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்கவில்லை. அன்றைக்கு அது வெண்ணெய்போல இறங்கிற்று.

"சத்தியமாட்டா சாமி?"

"சத்தியமாக."

ஞானம்மாள் துடுப்பைக் கீழே வைத்தாள். "பன்னிக்கு வேண்டி ஒரு சாமி சத்தியம் பண்ணுகதை இப்பத்தான் காணுகேன்," என்றாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒப்புக்கொண்டாள்.

தோட்டாப் பெட்டி

ஆக, அந்தக் காலைக்குத் திரும்பி வருகிறேன்.

டாக்டர் ஆற்றின் மேல்பகுதியில் இன்னொரு பட்டிக்குப் போய்விட்டார். இங்கே நாங்கள் மூவர். ஒரு பன்றி விழுவதை இன்னொரு பன்றி பார்க்கக்கூடாது என்று ஞானம்மாள் தென்னோலைத் தட்டிகளை நிறுத்தி ஒரு மறைவு கட்டியிருந்தாள். குழி தயார். குழியோரத்தில் சுண்ணாம்புக் குவியல்.

தோட்டாக்களை ஒவ்வொன்றாகத்தான் கொடுக்கவேண்டும், கொடுத்ததற்கு ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது ஆபீஸ் விதி. பெட்டி அதனால் என்னிடம் இருந்தது.

முதலில் வந்தது கறுப்பன். வளர்ந்த கடா, ஆனால் கூப்பிட்டால் நாய்போலப் பின்னால் வருகிற சாது.

"வாடே மக்களே," என்று ஞானம்மாள் அதை மறைவுக்குள் அழைத்துவந்து, குந்தி உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொடுத்தாள். அப்படிச் சொறிந்தால் பன்றி முதலில் நிற்கும். பிறகு பின்கால் தளரும். பிறகு அப்படியே சாய்ந்து படுத்துவிடும். கறுப்பன் படுத்தது. சுகமாக ஒரு முனகல் வேறு.

தங்கையா சட்டைப்பையிலிருந்து என் தமிழ்ப் பிரதியை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கண்ணிலிருந்து விரலை வைத்து அளந்தார். கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் காது இருந்தது. காதடியைக் கணக்காக வைத்து இடம் பிடித்து, கருவியை நெற்றிக்கு நேராக வைத்து இழுத்தார்.

கறுப்பன் எழுந்து நின்று கத்தியது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. மனிதக் குரல்போல இருந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. பன்றியின் குரலாகவே இருந்தது. அதுவே போதுமாயிருந்தது.

நான் ஓடினேன்.

குடை எப்போது விரிந்தது என்று தெரியாது. குடை வேண்டாத காலை இளவெயிலில், விரித்த குடையோடு ஒரு குமாஸ்தா ரோட்டில் ஓடுவதை, கூடையோடு வந்துகொண்டிருந்த மீன்காரிகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். "என்ன சாமி, ஆனை விரண்டுதா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். அவர்களும் கூடையைப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பி ஓடியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஓடைப் பாலத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தங்கையாவின் குரல் காதில் ஏறிற்று. "தோட்டா! சாரே, தோட்டா!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். தகரப் பெட்டி என்னிடம் இருந்தது. கருவியை மறுபடி ஒரு தரம் இழுக்க அங்கே ஒரு தோட்டாகூட இல்லை.

திரும்பி ஓடினேன். போகும்போது ஓடிய வேகம் வரும்போது இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அத்தனை நேரமும் கறுப்பன் கத்திக்கொண்டிருந்தது. ஞானம்மாள் அதன்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். தட்டிகளுக்கு அந்தப் பக்கம் மற்றவை வேலியில் மோதின. தங்கையா பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினார். கையெழுத்து வாங்கவில்லை. இரண்டாம் வெடிக்குப் பிறகு சத்தம் நின்றது.

கொம்பு எங்கே?

ஞானம்மாள் எழுந்தாள். சட்டை முழுவதும் ரத்தம். நேரே தங்கையாவிடம் போனாள்.

"கை வெறைக்குதுன்னா வந்திருக்கப்படாது, கேட்டியா? என் பிள்ளையைப் போட்டு இப்பிடி..."

"கை வெறைக்கல்ல அக்கா," என்றார் தங்கையா. "எழுதித் தந்தபடிதான் வச்சேன்."

அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகு காலம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் நின்றேன். ஞானம்மாள் பட்டி வாசல்வரை நடந்துபோய், குறுக்குக் கட்டையில் கை வைக்கிற வரைக்கும் பேசாமல் நின்றேன்.

கட்டையை எடுத்தால் பதினேழும் ஆற்றில் இறங்கும். ஊர் ஊராக நோயைக் கொண்டுபோகும். பிறகு ஒவ்வொன்றும் எங்காவது ஒரு புதரடியில், தண்ணீர் இறங்காமல் நாலு நாள் கிடக்கும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கை வைத்தாள்.

"ஞானம்மா, நில்லுங்கோ," என்றேன். அதுவரை அவளை நான் நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் பழக்கம். "தப்பு அவர்மேல் இல்லை. எழுதினவன்மேல். நான்தான்."

அவள் கட்டையை விடாமலே மற்றக் கையை நீட்டினாள். தங்கையா காகிதத்தைக் கொடுத்தார். தினம் வேதப் புஸ்தகம் படிக்கிற கண். எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

"பன்றி. மேற்படி." நிமிர்ந்தாள். "இது என்ன சாமி?"

"மேலே சொன்னபடியே என்று அர்த்தம்."

"மேலே என்ன இருக்கு?"

"மாடு."

மேலே இருந்ததை வாசித்தாள். நான் மூன்று தடவை திருத்திய வாக்கியம். 'கொம்பின் அடிவரை' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"பன்னிக்குக் கொம்பு எங்கே சாமி?"

நான் அவள் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தேன்.

"நீரு பன்னியைக் கண்டதுண்டா?"

"பக்கத்தில் நின்று பார்க்கிறது இன்றைக்குத்தான்."

அவள் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, கறுப்பன் கிடந்த இடத்துக்குப் போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த இங்கிலீசுப் புஸ்தகம் கையில உண்டா?"

உண்டு. பெருமைக்காகக் கொண்டுபோயிருந்தேன்.

"வாசியும். இங்கே இருந்து வாசியும். ஒரு சொல்லு விடாதேயும். விட்டா நான் அறிவேன்."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் அறிவாள் என்று நான் நம்பினேன்.

சுண்ணாம்பு

கறுப்பனின் தலைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்தோம். தயிர் சாதத்துக்கு முன்னால் நான் மூடிய பக்கத்தை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். கண்மட்டத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே, நெற்றியின் நடுவில், கருவியை நெற்றிக்கு நேராக வைக்காமல், முளை வாலைப் பார்த்துப் போகும்படி சாய்த்து வைக்கவும்.

ஞானம்மாள் கறுப்பனின் நெற்றியில் விரலை வைத்தாள். "இங்கேயா?"

"அங்கேதான்."

துளை அதற்கு இரண்டு விரல் மேலே இருந்தது.

வயது முதிர்ந்த பன்றிக்கு இடம் வேறு என்றும் இருந்தது. நெற்றி எலும்பு அவற்றுக்குக் கனம். நடுவில் ஒரு மேடு வேறு எழும்பியிருக்கும். இன்னும் ஒரு விரல் ஏற்றி, மேட்டைத் தவிர்த்து, சற்றே ஒரு பக்கமாக வைக்கவும். இதற்கெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது கால் மணி நேரம்.

அவள் உடனே ஆரம்பிக்க விடவில்லை. கறுப்பனைக் குழிக்குள் இறக்கி, கிடந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே புதுமண் போடச் சொன்னாள். பட்டிக்குள் பலாச்சக்கை மடல்களை வெட்டிப் போட்டாள். மோதிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக அடங்கித் தின்ன ஆரம்பிக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.

பிறகு ஒன்று ஒன்றாக, பெயர் சொல்லி அழைத்துவந்தாள். அவளே வயிற்றைச் சொறிந்தாள். படுத்ததும் சுண்ணாம்பில் விரலைத் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். நான் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடம் சரி என்று சொன்னேன். தங்கையா பொட்டின்மேல் கருவியை வைத்தார். தேங்காய் தரையில் விழுகிறாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நினைவு தப்பிக் கிடப்பது மறுபடி விழிக்காதபடி மேற்கொண்டு செய்யவேண்டியதைத் தங்கையா மளமளவென்று செய்துமுடிப்பார். அதன்பின் ஞானம்மாள் எழுந்து கைகழுவிவிட்டு அடுத்ததைக் கூப்பிடப் போவாள்.

ஒரு தோட்டா கருவியில் இருக்கும்போதே இன்னொன்றைத் தங்கையாவின் சட்டைப்பையில் போட்டு வைத்தேன். விதி அதற்கு இடம் கொடுக்காது. விதி கறுப்பனைப் பார்த்ததில்லை.

நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு வரிசையாகக் கிடந்தவற்றைப் பார்த்து எனக்கு ஒரு வேடிக்கையான உவமை தோன்றிற்று. எனக்கு எப்போதும் தோன்றும். என் சுபாவம் அது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

பதினாறு போயின. ஒன்றும் கத்தவில்லை.

தொடாத கை

கடைசியாக நின்றது தாய்ப்பன்றி. பாதிக்குமேல் அதன் வயிற்றில் பிறந்தவை. ராணி என்று பெயர்.

மறைவுவரை வந்தது. ஞானம்மாள் கையை நீட்டினாள். அது மோந்து பார்த்தது, பின்வாங்கியது. தொண்டைக்குள் ஒரு சத்தம் புறப்பட்டது. ஞானம்மாள் ஆற்றுக்கு ஓடி மணலைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி மோந்தது. மறுபடி பின்வாங்கியது. தங்கையாவின் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு பேரும் ஏககாலத்தில் என்னைப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து எதையும் தொடாத கை அந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. தொடாமலிருப்பதில் எனக்குத் தலைமுறை தலைமுறையான பயிற்சி.

"சாமி, நீரு வரணும்."

"எனக்குப் பழக்கமில்லையே, ஞானம்மா."

"பழக்கம் உள்ள கையெல்லாம் நாறுது சாமி."

போனேன். பயத்தில் குடையைக் கூடவே கொண்டுபோனேன். தங்கையா அதை மெதுவாக வாங்கி வைத்தார். ராணி என் விரல்களை மோந்தது. மூக்கு ஈரமாக இருந்தது. வேஷ்டியை மோந்தது. பிறகு போகட்டும் என்பதுபோலப் பக்கவாட்டில் நின்றது.

வயிற்றில் கை வைத்தேன். மயிர் தேங்காய்நார்ப் பிரஷ்போல; அதற்கு அடியில் தோல் மிருது. உடம்பு அனலாகக் கொதித்தது. நோய் அதற்கும் தொடங்கிவிட்டிருந்தது.

என் கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கிற்று. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நடுங்கிற்று. அந்த நடுக்கத்தையும் சொறிந்துகொடுப்பதாகவே ராணி எடுத்துக்கொண்டது. பின்கால் தளர்ந்தது. பெரிய உடம்பு, என் தொடையில் சாய்ந்து, சாய்ந்து, கடைசியில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டுப் படுத்தது. பெருமூச்சு ஒன்று விட்டது.

தங்கையா சுண்ணாம்பு தொட்டார். "இங்கேயா சாரே?"

"இன்னும் ஒரு விரல் மேலே. மேட்டுக்கு இந்தப் பக்கம்."

"இங்கே?"

ராணியின் நெற்றியைக் குனிந்து பார்த்தேன். எலும்பு மேடு எங்கே முடிகிறது என்று இடது கைவிரலால் தடவிப் பார்த்தேன். வலது கை வயிற்றை விடவில்லை.

"இங்கேதான்," என்றேன்.

அதற்குப் பிறகும் நான் சொறிந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"போதும் சாரே," என்றார் தங்கையா. "எப்பவோ முடிஞ்சாச்சு. நீரு எந்திரிச்சாத்தான் மிச்ச வேலையை நான் பாக்க முடியும்."

தொடை மரத்துப்போயிருந்தது, எழுந்திருக்க அவர்தான் கை கொடுத்தார். ஞானம்மாளைக் காணவில்லை. தட்டிகளைச் சுற்றி வெளியே வந்தோம்.

ஆற்றங்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தியிருந்தாள். முழங்கைகள் இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன. வெடியும் அவளுக்குக் கேட்டிருக்காது.

நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

காதைப் பொத்திக்கொண்டிருப்பவர்கள் பேசுகிறமாதிரி உரக்கக் கேட்டாள்: "கத்திச்சா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏற்கெனவே அவளுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தவன் நான். பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்த தங்கையாவைப் பார்த்தாள். அவரும் தலையசைத்தார்.

முதலில் ஒரு கையை மட்டும் எடுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள்.